போன் எடுத்தவர்களின் சராசரிச் சம்பளம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவன் என் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு சலவை இயந்திரக் கையேட்டுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கதை எழுதுவது என் பெருமைக்கு, பிழை திருத்துவது என் வாடகைக்கு. ("மூடியைத் திறக்கும் முன் இயந்திரம் முழுவதுமாக நின்றுவிட்டதா என்று பார்க்கவும்." இவ்வளவு தெளிவான வாக்கியம் ஒன்றை என் கதைகளில் நான் எழுதியதில்லை.) அப்போது போன் அடித்தது.

"அக்கா, நீ எழுத்து வேலையிலதான இருக்க. இந்தக் கம்யூனிகேஷன் படிப்பு தேறுமா, தேறாதா? ஒரு வார்த்தைல சொல்லு."

"எதுக்குடா?"

"நம்ம ரேடியோவுக்கு இடம் கிடைச்சிருக்கு. கடன் வாங்கித்தான் படிக்க வைக்கணும். ஜாமீன் கையெழுத்து நான் போடணும். வெள்ளிக்கிழமை பேங்குக்கு வரச் சொல்லியிருக்காங்க."

ரேடியோ என்பது அவன் மகள். பிறந்த கொஞ்ச நாளில் வாயைத் திறந்தவள், இன்னும் மூடவில்லை. வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரு வார்த்தையில் சொல்லத் தெரிந்தால் நான் ஏன் கதை எழுதப் போகிறேன்? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்று வியாழன். யோசனையின் விளைவு, ஒரு வார்த்தைக்குப் பதில் இத்தனை பக்கம். வாசகரே, தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: இதற்கு முடிவு இல்லை. முடிவு என் கையில் இல்லை என்பதுதான் காரணம், சோம்பல் அல்ல. சோம்பலும் கொஞ்சம் உண்டு.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

வங்கியின் கண்ணாடி அறைக்குள் குளிர் எலும்பைத் துளைத்தது. கடன் அதிகாரி தன் கூரிய பார்வையை அந்த ஏழைத் தகப்பன் மீது

[நிறுத்திவிட்டேன். திங்கட்கிழமை விவரம் கேட்கத் தம்பியோடும் அவன் மனைவியோடும் நானும் அந்த அறைக்குப் போயிருந்தேன். குளிர் ஒன்றும் இல்லை, ஏசி வேலை செய்யவில்லை. அதிகாரியின் பார்வையில் கூர்மையும் இல்லை, அவருக்கு நல்ல ஜலதோஷம். மேஜை மேல் மூக்குச் சிந்திய காகிதங்கள் ஒரு சிறு குன்றாக இருந்தன. என் தம்பியும் ஏழையல்ல. மாதச் சம்பளக்காரன், மாதக் கடைசியில் மட்டும் ஏழை.]

அடுத்த தொடக்கம்:

இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே இயந்திர அறையில் என் தம்பி

[இதுவும் வேண்டாம். என் தம்பி லிஃப்ட் மெக்கானிக் என்பது உண்மை. ஆனால் கதைக்குள் ஒரு லிஃப்ட் வந்துவிட்டால், வாழ்க்கையின் ஏற்றம் இறக்கம் என்று யாராவது மதிப்புரை எழுதிவிடுவார்கள். அவன் வேலையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கிரீஸ் இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது, ஒரு போன் இருக்கிறது.]

அந்தப் போனைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அவன் பார்த்துக்கொள்ளும் கட்டடங்களின் லிஃப்டுகளுக்குள் அவனுடைய எண்ணை ஒட்டியிருப்பார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எந்த எண்ணிலிருந்து வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். அதனால் அவன் எந்த அழைப்பையும் விடுவதில்லை. சோற்றில் கை இருந்தாலும் எடுப்பான். என் கல்யாணத்திலேயே மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "பயப்படாதீங்க, கதவத் தள்ளாதீங்க, வந்துட்டே இருக்கேன்" என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

3

இப்போது பணம். நாணயத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்கள் ஊர் வாடகையோடு ஒப்பிட்டு, "இவ்வளவுதானா" என்பீர்கள், அல்லது "அம்மாடி" என்பீர்கள். ஆகவே ரேடியோ வாங்க வேண்டிய மொத்தக் கடனை நூறு என்று வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் அந்த நூறைப் பார்த்து நிற்கட்டும்.

இடம் கிடைத்தவர்களுக்குக் கல்லூரியின் கம்யூனிகேஷன் துறை ஒரு வழவழப்பான புத்தகம் அனுப்பியிருந்தது. அட்டையில் மைக் பிடித்த ஒரு பெண் சிரிக்கிறாள். உள்ளே, பழைய மாணவர்களின் முதல் வருடச் சம்பளம் சராசரி நூற்றிருபது என்று போட்டிருக்கிறது.

கடன் அதிகாரி அந்தப் பக்கத்தைப் பார்த்தார், தும்மினார், பிறகு விதியைச் சொன்னார்.

"முதல் வருஷச் சம்பளத்துக்குள்ள மொத்தக் கடனும் அடங்கிடணும் சார். அடங்கினா தாங்கும். அடங்கலைன்னா இழுக்கும். உங்களுக்கு நூறுக்கு நூத்திருபது, நல்லாவே அடங்குது."

தம்பியின் தோள் நிம்மதியில் இறங்கியதைப் பார்த்தேன். அவன் மனைவிக்குத் தோள் இறங்கவில்லை. அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள், அந்தப் பகுதியில் வாயைத் திறந்து பொய் சொல்லும் எல்லோரையும் பார்த்தவள். வெளியே வந்ததும் கேட்டாள்.

"சராசரின்னா, எல்லாருக்கும் கிடைக்கும்னு அர்த்தமா அண்ணி?"

"இல்லம்மா. சிலருக்கு நிறைய, சிலருக்குக் கொஞ்சம்."

"நம்ம பொண்ணு எந்தச் சிலர்?"

டீ சாப்பிடலாம் என்றேன்.

4

கதாநாயகி விஷயத்தில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்.

இதற்கு முந்தைய வரைவுகளில் ரேடியோவை அமைதியான பெண்ணாக எழுதினேன். கடனில் இறங்கப்போகும் பெண் அமைதியாக, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு இருந்தால் வாசகருக்கு இரக்கம் சுலபமாக வந்துவிடும். ஆனால் அந்த அமைதியான பெண் எந்தப் பக்கத்திலும் உயிரோடு இல்லை. "ம்" என்று ஒரு பதிலைச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலை எல்லாம் பார்க்கிற பெண் அல்ல இவள். பஸ் வரிசையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றவர், பஸ் வருவதற்குள் தன் மாமியார் தகராறைச் சொல்லி முடித்திருப்பார். அம்மாவின் மருத்துவமனையில் அரை மணி உட்கார்ந்தால், இரண்டு விவாகரத்தும் ஒரு சீட்டு மோசடியும் தெரிந்துகொண்டு வருவாள். வம்புக்காக அல்ல. கேட்கத் தெரியும் அவளுக்கு, அவ்வளவுதான். அவள் பேசுவதைத்தான் வீட்டில் எல்லோரும் கவனிக்கிறோம். அவளோடு பேசியவர்கள்தான் அவள் கேட்பதைக் கவனிக்கிறார்கள்.

ஆகவே அமைதிப் பெண்ணைத் தூக்கிவிட்டு அசலையே உள்ளே விட்டேன். அதோடு கதையின் கட்டுப்பாடு என் கையைவிட்டுப் போயிற்று.

(குறிப்பு: அந்தத் துறையின் நேர்முகத் தேர்வைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே யாரும் உங்கள் லட்சியம் என்ன என்று கேட்பதில்லை. விண்ணப்பித்தவர்களை ஒரு பெரிய அறையில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு போனும், பழைய மாணவர்களின் எண்கள் உள்ள ஒரு தாளும் கொடுக்கிறார்கள். கூப்பிட்டு, எங்கே வேலை, முதல் வருடம் என்ன சம்பளம் என்று கேட்டு எழுத வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் சம்பளத்தைக் கேட்டு வாங்கத் தெரிந்தால் இடம். நல்ல ஏற்பாடுதான். தேர்வும் நடந்துவிடுகிறது, கணக்கெடுப்பும் முடிந்துவிடுகிறது. புத்தகத்தில் உள்ள நூற்றிருபது அந்த அறையிலிருந்து வந்தது.)

5

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரேடியோ என் அறைக்கு வந்தாள். கையேட்டுத் தாள்களை நகர்த்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். வழக்கமாக வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறவள், உட்கார்ந்தும் ஆரம்பிக்கவில்லை.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாகிட்ட சொல்லக்கூடாது. இல்ல, சொல்லலாம். எனக்குத் தெரியல."

"முதல்ல சொல்லு."

"அந்த போன் டெஸ்ட்ல, என் லிஸ்ட்ல பாதிக்கு மேல யாரும் எடுக்கவே இல்ல. மத்த பசங்களுக்கும் அப்படித்தான். அவங்கல்லாம் 'கிடைக்கவில்லை'ன்னு எழுதிட்டு அடுத்த நம்பருக்குப் போயிட்டாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. அதெப்படி என் போன எடுக்காம இருப்பாங்க?"

"அதான? என்ன தைரியம்."

"கிண்டல் பண்ணாதீங்க. என் சொந்த போன்ல இருந்து ஒவ்வொருத்தருக்கும் மெசேஜ் போட்டேன். 'நான் பேங்க் இல்லைங்க, டிபார்ட்மென்ட்ல சேர வந்திருக்கிற பொண்ணு, ரெண்டே ரெண்டு கேள்வி'ன்னு."

"பேங்க் இல்லன்னு எதுக்குப் போட்ட?"

"சும்மாதான். சிரிச்சுட்டாவது பதில் போடுவாங்கன்னு. உடனே வந்துச்சு அத்தை. கிட்டத்தட்ட எல்லாரும் போட்டாங்க."

போனை எடுத்துப் படித்துக் காட்டினாள். நான் அவள் குரலைக் கொஞ்சம் குறைத்து இங்கே எழுதுகிறேன்.

கடன் ஆபீஸ்னு நெனச்சு எடுக்கலைம்மா, தப்பா எடுத்துக்காத.

தெரியாத நம்பர் எடுக்கறத விட்டு ரொம்ப நாளாச்சு. ஃபர்னிச்சர் கடைல விலைச்சீட்டு எழுதறேன். சம்பளம் ஐம்பது.

வீடியோவுக்கு சப்டைட்டில் போடறேன். ஐம்பத்தஞ்சு. படிச்சதுல வருத்தமே இல்ல, கடன்லதான் வருத்தம்.

(தொகையை அவர்கள் தங்கள் நாணயத்தில்தான் சொன்னார்கள். நம்முடைய நூறுக்கு ஏற்றபடி மாற்றியது நான்.)

"எடுக்காதவங்க எல்லாருக்கும் சேத்து சராசரி அம்பத்திரண்டு," என்றாள். "எடுத்தவங்களையும் எடுக்காதவங்களையும் ஒண்ணாப் போட்டு வகுத்தா எண்பதுகூட வரல. என் லிஸ்ட்ல மட்டும்தான். மத்தவங்க லிஸ்ட் எனக்குத் தெரியாது."

"வாத்தியார்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். அத அப்புறம் சொல்றேன். முதல்ல இதப் படிங்க. இதத்தான் சொல்ல வந்தேன்."

கடைசி மெசேஜை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. போனை என்னிடம் நீட்டினாள்.

நீ தாராளமா சேரும்மா, நல்ல படிப்பு. ஆனா ஜாமீன் யாரு போடறாங்க? எனக்கு எங்க அப்பா போட்டாரு. இப்ப அவரும் தெரியாத நம்பர் எடுக்கறதில்ல.

அதை நான் இரண்டு தடவை படித்தேன். என் தம்பியின் ஞாபகம்தான் வந்தது. தவணை தவறிய பிறகு ஒரு நாள் போன் அடிக்கிறது, எண் தெரியவில்லை, யாரோ லிஃப்டுக்குள் இருக்கலாம், கடன் வசூல்காரராகவும் இருக்கலாம். இத்தனை நாள் யோசிக்காமல் எடுத்தவன், எடுப்பதற்கு முன் ஒரு கணம் யோசிக்கத் தொடங்குவான்.

6

துறை ஆசிரியையைப் பற்றி.

புதன்கிழமை அவளை மோசக்காரியாக எழுதினேன். தங்க ஃபிரேம் கண்ணாடி போட்டேன். ரேடியோ நீட்டிய பதில்களைப் பார்த்து, "இதையெல்லாம் சேர்த்தால் நம் சராசரி என்னாவது?" என்று அவள் பல்லைக் கடிப்பதாக ஒரு வசனமும் வைத்தேன். எழுதும்போது சுகமாக இருந்தது. படித்துப் பார்த்தபோது பொய்யாக இருந்தது.

ரேடியோ சொன்னபடி, ஆசிரியை அந்த மெசேஜ்களை ஒன்றுவிடாமல் படித்தாளாம். முகம் மலர்ந்துபோய், "இவ்வளவு பேர பேச வெச்சிட்டியே" என்றாளாம். அன்றைய மதிப்பெண்ணில் ரேடியோவுக்கு முதல் இடம் போட்டாள். அப்புறம் பொறுமையாக விளக்கினாள்.

"ஆனா கணக்கெடுப்புல இதச் சேக்க முடியாதும்மா. எல்லாரையும் போன்லதான் கேட்டிருக்கோம். உன்னோடது மட்டும் மெசேஜ். கேக்கிற விதம் ஒண்ணா இருக்கணும். ரெண்டையும் கலந்தா கணக்கு கெட்டுடும். இத முதல் வருஷத்துலயே சொல்லித் தருவோம்."

நேர்மையாகத்தான் சொல்லியிருக்கிறாள். கணக்கு கெடக்கூடாது என்று அக்கறைப்பட்டு, கடன்பட்டவர்கள் அத்தனை பேரையும் கணக்குக்கு வெளியே நிறுத்திவிட்டாள். பேச்சைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு துறை, பேச மறுத்தவர்களை இல்லாதவர்களாக எடுத்துக்கொண்டது. அலட்சியமாக வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தப்பு வராது. அவர்கள் எல்லாவற்றையும் கலந்து அடித்திருப்பார்கள், உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்திலாவது போயிருப்பார்கள்.

தங்க ஃபிரேமைக் கழற்றிவிட்டேன். வில்லி இல்லாத கதை நொண்டும். நொண்டட்டும்.

7

இனி எடை போட வேண்டும். தம்பி கேட்டது அதைத்தானே.

ஒரு தட்டில் கடன். அது நூறு, சந்தேகமே இல்லாத நூறு, வட்டியோடு வளரும். மறு தட்டில் சம்பளம். அது போன் எடுத்தவர்களிடம் நூற்றிருபது, எடுக்காதவர்களிடம் ஐம்பத்திரண்டு. ஒரு பக்கம் நிஜம், மறுபக்கம் ஊகம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதே தவறு என்று கட்டுரையாக எழுதிக் கைதட்டல் வாங்கலாம். ஆனால் கையெழுத்துப் போடப்போகிறவனுக்குக் கட்டுரை உதவாது.

நான் கடன் இல்லாமல் படித்தவள். எழுபது சம்பாதிக்கிறேன், அதுவும் சலவை இயந்திரங்களின் தயவில். ஆகவே படிப்பு வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா, வேண்டும் என்று சொல்லத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பட்டத்துக்கு எதிராக நம்மிடம் உள்ள ஒரே ஆதாரத்தைக் கொண்டுவந்தவள் ரேடியோ. வங்கியிலிருந்து ஓடி ஒளிந்தவர்களை ஒரு வரி மெசேஜில் வெளியே வரவழைத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாத சம்பளத்தை ஒரு சின்னப் பெண்ணிடம் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த அறையில் இருந்தவர்களில் இந்தப் படிப்புக்கு ஏற்றவள் யார் என்றால் அவள்தான். அந்தப் படிப்பு கடனுக்கு ஏற்றதல்ல என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். இதை எப்படி எடை போடுவது? நான் போட்டுப் பார்த்தேன். தராசு முள் நடுவில் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

"நீ என்ன செய்யப் போற?" என்று செவ்வாய்க்கிழமை அவளிடம் கேட்டேன்.

"எனக்குப் படிக்கணும் அத்தை. அதுல சந்தேகமே இல்ல. ஆனா அப்பா அந்த நூத்திருபத நம்பித்தான் போடறாரு. நான் சொன்னா போட மாட்டாருன்னு பயமா இருக்கு. சொல்லியும் போட்டுட்டாருன்னா இன்னும் பயமா இருக்கு."

"அப்ப?"

"நீங்களே அப்பாகிட்ட சொல்லிடுங்க. இல்லன்னா கதையா எழுதிடுங்க, அவர் படிச்சுக்கட்டும்."

"உங்கப்பன் என் கதைல ஒண்ணகூடப் படிச்சதில்லடி."

"அதான் தைரியமா எழுதச் சொல்றேன்."

8

முடிவுகள், கைவசம் உள்ளவை:

(அ) அவள் சொல்லிவிடுகிறாள். தம்பி பேனாவை மூடி வைக்கிறான். ரேடியோ அவன் கம்பெனியிலேயே அழைப்பு மையத்தில் சேர்கிறாள். லிஃப்டில் மாட்டியவர்கள் அவளோடு பேசிவிட்டு, கதவு திறந்த பிறகும் வெளியே வர மனமில்லாமல் நிற்கிறார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் கல்லூரி திறக்கும் வாரத்தில் அவள் யாரோடும் பேசுவதில்லை. [உருக்கமாக இருக்கிறது. உருக்கம் வந்த இடத்தில் நான் வழக்கமாக அடித்துவிடுவேன். இதை அடிக்காமல் வைத்திருக்கிறேன்.]

(ஆ) அவள் சொல்லவில்லை. தம்பி கையெழுத்துப் போடுகிறான். அவள் படித்து, கெட்டிக்காரத்தனத்தால் நூற்றிருபதுக்கு மேலேயே வாங்கி, நூறையும் அடைத்துவிடுகிறாள். அந்த மெசேஜ்கள் யாருக்கும் தெரியாது. வாழ்க்கையில் இது நடக்கக்கூடியதுதான். ரேடியோவுக்கு இதுதான் நடக்க வேண்டும் என்று நானே ஆசைப்படுகிறேன். எழுத மட்டும் கை வரவில்லை. அப்பா எதை நம்பிக் கையெழுத்துப் போட்டார் என்பது அவளுக்கு மட்டும் தெரியும், ஒவ்வொரு மாதமும் தவணை கட்டும்போது

[இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.]

(இ) அவள் சொல்லிவிடுகிறாள். தம்பி கேட்டுக்கொள்கிறான், பேனாவை எடுக்கிறான், போடுகிறான். "சரி, தெரிஞ்சே போடறேன்" என்கிறான். என் தம்பியை எனக்குத் தெரியும், இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் தெரிந்து போட்டதும் தெரியாமல் போட்டதும் ஒன்றல்ல. கடன் இழுத்தால் இருவருமாகச் சேர்ந்து இழுப்பார்கள்.

மூன்றில் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு விலகியிருப்பேன். வேறு கதையாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

9

நானே தம்பியிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லியிருக்கலாம். சொன்னால் அது எனக்கும் அவனுக்கும் நடந்த பேச்சாகிவிடும். "அத்தை சொல்லிட்டாங்க" என்று அவள் தலை குனிந்து நிற்பாள், "நீ ஏன் சொல்லல" என்று அவன் அவளைக் கேட்பான். அந்தக் கேள்விக்கு அப்புறம் எந்தச் சராசரியும் செல்லாது.

அதனால் இன்று மத்தியானம் அவனுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் குரல் எதிரொலித்தது.

"என்னக்கா, தேறுமா?"

"அது எனக்குத் தெரியலடா. ஒண்ணு மட்டும் செய். நாளைக்குக் காலைல பேங்குக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, அவகிட்ட ஒரு கேள்வி கேளு. எத்தனை பேர் போன் எடுக்கலைன்னு கேளு."

"எந்த போன்?"

"அவளுக்குத் தெரியும்."

கீழே யாரோ ஸ்பேனரைப் போட்டார்கள்.

"சரிக்கா, கேக்கறேன்," என்றான். அவன் கேட்கிறேன் என்றால் கேட்பான்.

ரேடியோ, இத்தனை நேரம் வாசகரே என்று நான் கூப்பிட்டது உன்னைத்தான். இந்தப் பக்கங்களை இன்று சாயங்காலமே உன் கையில் கொடுக்கப் போகிறேன், வேறு யாரும் இன்னும் பார்க்கவில்லை. நீ எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். ஆனால் உனக்குப் பதிலாகச் சொல்ல என்னால் முடியவில்லை. நீ படிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, அவன் மாட்டிக்கொள்ளக்கூடாது என்றும் ஆசையாக இருக்கிறது. இரண்டு ஆசையும் எனக்கு ஒரே அளவில் இருப்பதால் நான் தீர்ப்புச் சொல்ல லாயக்கில்லாதவள். கடைசிக் காட்சியை மட்டும் போட்டு வைக்கிறேன். பிடிக்காவிட்டால் அடித்துவிடு. கடைசி வரியைத் தொடங்கி மட்டும் வைக்கிறேன், மீதியை நீதான் சொல்ல வேண்டும்.

காலை. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. உன் அம்மா மருத்துவமனைச் சீருடையில் நின்றபடியே டீ குடிக்கிறாள். உன் அப்பா சட்டை மாற்றிவிட்டார், காலணியை இன்னும் போடவில்லை. சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

"உங்கத்தை என்னவோ கேக்கச் சொன்னா," என்கிறார். "எத்தனை பேர் போன் எடுக்கலைன்னு. அது என்னம்மா?"

ரேடியோ நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள்: